ரிட்ஸ்வில் வண்டலும் புதுச்சேரிச் செம்மண்ணும்: ஓர் ஒப்பாய்வு

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் பதிவான மழை 46 செ.மீ.க்குக் குறையாது. அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தின் உலர்ந்த கிழக்குப் பக்கத்தில், ரிட்ஸ்வில் என்றொரு கோதுமை ஊர் இருக்கிறது. அங்கே மழையையும் பனி உருகிய நீரையும் சேர்த்துக் கூட்டினால்கூட ஆண்டுக்கு 30 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். அவர்களுக்கு ஒன்றரை ஆண்டில் கிடைப்பது நமக்கு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அந்தச் சொற்ப மழையை நம்பி, பெரும்பாலான நிலத்தில் பாசனமே இல்லாமல், நூறாண்டுக்கும் மேலாக அவர்கள் கோதுமை அறுத்துவருகிறார்கள். ஆண்டுக்கு 130 செ.மீ. அளவில் மழை பெறும் நம் கோரிமேடு, காலாப்பட்டு, ஆரோவில் செம்மேட்டிலோ பங்குனி பிறந்தால் புல்லும் கருகிப்போகிறது.

மழைக்கணக்கை வைத்து இதை விளக்க முடியாது. இரண்டு இடத்திலும் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

மண்ணைப் பற்றிய நவீன அறிவியல் குளிர்ந்த புல்வெளிகளில் வளர்ந்தது என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். ரஷ்யாவின் வசீலி தொகுசாயெவ் 1883இல் கரிசல் நிறப் புல்வெளி மண்ணைப் பற்றி எழுதிய ‘ரஷ்யச் செர்னோசெம்’ என்ற நூல்தான் அதற்கு அடித்தளம். கறுத்த, ஆழமான, பொலபொலவென்று உதிரும் மண்ணே நல்ல மண் என்ற அளவுகோல் அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. அந்தக் கோலால் அளந்தால் நம் செம்மேடு எப்போதும் தோற்றுத்தான் போகும். தரிசு, பொட்டல், புறம்போக்கு என்று அதற்கு விழுந்த பெயர்களெல்லாம் அந்தத் தோல்வியின் பெயர்கள். புல்வெளி வண்டலை அருகில் வைத்து நிதானமாகப் பார்த்தால், செம்மண் செய்யும் வேலையே வேறு என்பது தெரியவரும்.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். ரிட்ஸ்வில்லின் அடியில் இருப்பது கருங்கல்லாக இறுகிய எரிமலைக்குழம்பு. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து பரவியது. அதன்மேல் கிடக்கும் மண்ணுக்கும் அந்தப் பாறைக்கும் நேரடி உறவில்லை. பனியுகத்தின் முடிவில் பனிக்கட்டி அணை உடைந்து, மொன்டானாவில் தேங்கியிருந்த ஏரி நீர் மீண்டும் மீண்டும் பெருவெள்ளமாக இந்த நிலத்தின்மேல் பாய்ந்தது. வெள்ளம் தேங்கி வடிந்த பள்ளங்களில் படிந்த நுண்ணிய சேற்றைத் தென்மேற்குக் காற்று உலர்த்தி, தூக்கி, வடகிழக்கே கொண்டுபோய்க் கொட்டியது. அதற்கும் முந்தைய காலத்துப் புழுதிமேல் புதிய புழுதி ஏறியது. இப்படிக் காற்று கொண்டுவந்து சேர்த்த வண்டலை லோயஸ் என்கிறார்கள். கிழக்கே பலூஸ் குன்றுகளில் அது சில இடங்களில் 70 மீட்டருக்கும் மேல் கனமாக இருக்கிறது. இடையிடையே எரிமலைச் சாம்பலும் கலந்தது. 1980 மே 18இல் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்தபோது ரிட்ஸ்வில் பகலிலேயே இருண்டு, தெருவெல்லாம் சாம்பலால் மூடியது. அந்த மண்ணைப் பொறுத்தவரை அது புதிய நிகழ்ச்சி அல்ல.

நம் செம்மேடு ஆறுகளின் பிள்ளை. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் அழைக்கும் இந்தப் படிவும் ஏறத்தாழ அந்த எரிமலைக்குழம்பின் காலத்தை ஒட்டியதுதான். மேற்கிலிருந்து வந்த பழைய ஆறுகள் மணலையும் கூழாங்கல்லையும் களியையும் மாறிமாறிக் கொட்டின. அந்த வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கல்லாகிப்போன மரங்களைத் திருவக்கரையில் இன்றும் பார்க்கலாம். பிறகு இலட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலும் மழையும் மாறிமாறி அதை வேகவைத்தன. சுண்ணாம்பு, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் கரைந்து போயின. கரையாத இரும்பு மட்டும் துருவாகி மணலைப் போர்த்தியது. கோலத்துக்குக் காவி இடும் அந்தச் சிவப்பு, பலமுறை கழுவப்பட்ட ஒரு மண்ணின் நிறம்.

கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். ரிட்ஸ்வில் மண்ணில் பாதிக்கு மேல் வண்டல் துகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. உலர்ந்திருக்கும்போது இருவிரலுக்கு நடுவே தேய்த்தால் சலித்த அரிசி மாவைப் போல வழுக்கும். நனைத்துப் பிசைந்தால் ஒட்டாது. நாடாவாக நீட்டினால் உடனே முறிந்துவிடும். செம்மேட்டு மண்ணை அதேபோல் தேய்த்தால் முதலில் மணல் நெறுநெறுக்கும். நனைத்தால் விரலில் சிவப்புச் சாந்து ஒட்டும், சோப்பு போட்டாலும் சட்டென்று போகாது. மணலும் களியும் இருக்க, நடுவில் இருக்க வேண்டிய வண்டல் அதில் குறைவு. வீட்டில் சோதிக்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். கால்பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். செம்மண்ணில் ஒரு நிமிடத்துக்குள் கனத்த மணல் அடுக்கு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீர் மறுநாளும் சிவப்பாகவே கலங்கி நிற்கும். வண்டல் மண்ணென்றால் சில மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறங்கி, ஒரே சீரான கனத்த அடுக்காகப் படியும்.

இந்தத் துகள் அளவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வண்டல் துகள்களுக்கு இடையில் உள்ள இடைவெளி, நீர் தானாக வடிந்துபோகாத அளவுக்குச் சிறியது. வேர் உறிஞ்சி எடுக்க முடியாத அளவுக்குச் சிறியதும் அல்ல. ஒரு மீட்டர் ஆழ வண்டல், பயிர் எடுக்கக்கூடிய நீராக ஏறத்தாழ 16 செ.மீ. தேக்கிவைக்கும். கோதுமை வேர் 180 செ.மீ. வரை போகும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆழத்துக்குள் ஓராண்டு மழை முழுவதையும் அடைத்துவிடலாம். அவர்களுடைய ஏரியும் கிணறும் அந்த மண்தான்.

அதை நம்பித்தான் அவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு போகம் எடுக்கிறார்கள். ஓர் ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு, விழும் மழையையும் பனியையும் மண்ணுக்குள் சேர்ப்பார்கள். கோடையில் மேல்மண்ணை மெலிதாகக் கிளறி உலர்ந்த புழுதிப் போர்வை ஒன்றை உண்டாக்குவார்கள். கீழே உள்ள ஈரம் புழை வழியாக மேலேறி ஆவியாவதை அந்தப் போர்வை அறுத்துவிடும். ஆகஸ்டு கடைசியில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளில், ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான ஆழத்தில் ஈரம் இருக்கும் இடத்தைத் தேடிப்போய் விதையை இறக்குகிறார்கள். முளை அந்தப் புழுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். அதற்கென்றே நீண்ட முளைத்தண்டு உள்ள ரகங்களைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். அருகில் உள்ள லிண்ட் என்ற ஊரில் 1915 முதல் இயங்கும் மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணையில், ஆண்டுக்கு 24 செ.மீ. அளவே பெய்யும் மழையை வைத்து இந்த நுட்பங்களைச் சோதித்து வருகிறார்கள். நம் மானாவாரி ஆராய்ச்சியாளர்கள் அவசியம் படிக்க வேண்டிய வேலை அது.

செம்மண் இப்படித் தேக்காது. மணல் மிகுந்த மேல்மண் ஒரு மீட்டருக்குப் பத்து செ.மீ. அளவில் வைத்துக்கொண்டு, மீதியைக் கீழே விட்டுவிடும். பயிர் போடுகிறவனுக்கு இது குறை. ஆனால் அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். மேட்டின் அடியில் உள்ள மணற்கல் கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்து, புதுச்சேரி நகரத்துக்கு அடியிலும் பாகூருக்கு அடியிலும் போகிறது. மேட்டில் இறங்கிய மழை அந்தச் சரிவு வழியாக வந்து சேர்கிறது. செம்மேட்டின் அடிவாரத்து முத்திரையர்பாளையத்திலிருந்துதான் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகப் பாரதி பூங்காவில் நிற்கிறது ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் கதையை அங்கு போகும் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அந்தக் குளத்து ஊற்றுக்குப் பின்னால் இருந்த மேட்டுமண்ணைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. ரிட்ஸ்வில் வண்டலின் மகசூல் கோதுமை என்றால், செம்மேட்டின் மகசூல் தண்ணீர். நெல்லையும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையையும் மட்டும் எடைபோட்டு அதை ஏழை மண் என்று எழுதிவைத்ததுதான் நாம் செய்த பெரிய பிழை.

நிறத்துக்கு வருவோம். ரிட்ஸ்வில்லில் சனவரி உறைநிலைக்குக் கீழே. ஆண்டுச் சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியது. புதுச்சேரியில் அது 28 டிகிரி. வியப்பு என்னவென்றால், இரண்டு ஊருக்கும் ஆண்டின் கடைசி மாதங்களே மழைமாதங்கள். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் ஈரமும் வெம்மையும் ஒன்றாக வருகின்றன. நுண்ணுயிர்களுக்கு அது விருந்துக் காலம், விழுந்த இலையைச் சில மாதங்களில் தின்று தீர்த்துவிடும். அவர்களுக்கு ஈரம் வரும்போது குளிர் அடிக்கிறது, வெயில் வரும்போது ஈரம் இல்லை. அதனால் மட்குப் பொருள் நின்று நிதானமாகச் சேர்கிறது. அங்கே இயல்பாக வளர்ந்த கொத்துப் புல்லின் வேர் ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே செத்து மட்கியது. கரிமம் மேலிருந்து விழவில்லை, உள்ளிருந்தே ஊறியது. ஆனாலும் வறண்ட ரிட்ஸ்வில்லில் மட்கு 1 முதல் 2 சதவீதம்தான்; மழை கூடும் கிழக்கே பலூஸில்தான் அது ஏறி மண் நன்றாகக் கறுக்கிறது. நம் மேட்டில் காடு அழிந்த இடங்களில் கரிமம் அரை சதவீதத்தைத் தொடுவதே பெரிது.

சுண்ணாம்பு இன்னொரு சாட்சி. ரிட்ஸ்வில்லில் குழி வெட்டினால் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சற்று முன்பின்னாக வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். மழை நீர் எந்த ஆழம் வரை போய் நின்றதோ அந்த இடம் அது. மண்ணே எழுதிவைத்த மழைக்கணக்கு. பழைய அடுக்குகளில் சிள்வண்டுப் புழுக்கள் துளைத்துச் சென்ற விரற்கனக் குழல்கள் மண் நிரம்பிக் கிடக்கின்றன. எந்தக் காலத்தில் அங்கே புதர்கள் இருந்தன என்பதை அவற்றை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். நம் செம்மேட்டில் சுண்ணாம்பு எப்போதோ கரைந்து கடலுக்குப் போய்விட்டது. மண் சற்றே புளிப்பு. அதில் உள்ள களியும் சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்த வகை. போட்ட உரம் ஒரு பெருமழையோடு போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

நமக்கும் வண்டல் இல்லாமல் இல்லை. தென்பெண்ணை கொண்டுவந்து கொட்டிய பாகூர் வயல் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் வந்து ஏரியை நிரப்புகிறது. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. ஒரு கல்லூரியையே தாங்கும் வளம் அந்த வண்டலில் இருந்தது. ஆனால் அது ஆற்று வண்டல். வெள்ளம் வரவர மேலே புதிதாகப் படியும். ஃபெஞ்சலை ஒட்டித் தென்பெண்ணை பெருகிப் பாகூர் ஊர்களுக்குள் புகுந்தபோது மக்கள் பட்ட துன்பம் பெரிது. காற்று கொண்டுவந்த லோயஸுக்கு அப்படி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு இல்லை. அந்த வகையில் அது செம்மேட்டுக்குத்தான் உறவு. இரண்டும் போனால் போனதுதான்.

இரண்டையும் போக்கிய கதையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்குகிறது. ரிட்ஸ்வில் வழியாக 1880களின் தொடக்கத்தில் நார்தர்ன் பசிபிக் ரயில்பாதை வந்தது. 1883இல் வோல்கா ஜெர்மானியர்கள் வந்து குடியேறினார்கள். ரஷ்யப் புல்வெளியில் தலைமுறைகளாக உழுது பழகியவர்கள். ஒரு தலைமுறைக்குள் கொத்துப் புல் போய்க் கோதுமை வந்தது. அதே காலத்தில் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் நிலக்கடலை தேவைப்பட்டது. புதுச்சேரித் துறைமுகம் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தது. தென்னார்க்காட்டு மேட்டுக் கொல்லைகளெல்லாம் மல்லாட்டைக்கு மாறின. வரகும் கம்பும் பின்வாங்கின, விறகுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் மீதிக் காடும் அழிந்தது. ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டையைப் பிடுங்கி எடுக்கும் நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை இறங்கும். அதாவது ஆண்டின் மிகக் கடுமையான மழை, கிளறிவிட்ட வெற்று மண்மீது விழும்.

வெற்று மண்ணில் மழைத்துளி என்ன செய்கிறது என்பதில் இந்த இரண்டு மண்ணும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். துளி விழும் வேகத்தில் மண் உருண்டை உடைகிறது. நுண்துகள் தெறித்து அருகில் உள்ள புழைகளை அடைக்கிறது. சில நிமிடங்களில் மேலே ஒரு மெல்லிய ஓடு. காய்ந்த பிறகு செம்மண்ணில் அந்த ஓட்டை நகத்தால் பெயர்த்தெடுக்கலாம். மேற்புறம் வழவழவென்று சிவந்திருக்கும், அடியில் மணல் தளர்வாகக் கிடக்கும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அது போதும், நீரை உள்ளே விடும் மண் நீரைத் தள்ளிவிடும் மண்ணாக மாற. ஓடிய நீர் பொம்மையார்பாளையம் பக்கத்தில் ஆளுயரத்தையும் தாண்டிய பள்ளத்தாக்குகளை அறுத்து, செம்மண்ணைக் கடலில் கொண்டு சேர்த்தது. ரிட்ஸ்வில் பக்கத்திலோ பனி உருகும் பருவத்தில், அடிமண் உறைந்திருக்க மேல்மண் மட்டும் குழம்பாகச் சரிவில் வழிகிறது. கோடையில் அதே புழுதிப் போர்வையைக் காற்று வாரிக்கொண்டு போகிறது. பலூஸில் உழுத நிலத்தில் பத்தில் ஒரு பங்கு தன் மேல்மண் முழுவதையும் இழந்துவிட்டது என்று அமெரிக்க வேளாண் துறையின் 1978 ஆய்வு கணக்கிட்டது. உலகின் தலைசிறந்த மண்களில் ஒன்று, உழத் தொடங்கி நூறாண்டுக்குள்.

இழப்பைத் தாங்கும் வலிமையில் இரண்டும் சமம் அல்ல. பத்து மீட்டர் லோயஸில் அரை மீட்டர் போனாலும், அடியில் இருப்பதும் வண்டல்தான். உரம் போட்டு ஒப்பேற்றலாம், ஒப்பேற்றியும் வருகிறார்கள். அந்த வசதியே அவர்களை நெடுநாள் அலட்சியமாக இருக்கவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. செம்மேட்டில் மேலே உள்ள ஓரடி போனால் அடியில் இறுகிய களியும் துருக்கல் பரலும் தலைகாட்டும். கடுவெளிச் சித்தரின் சாபத்தால் இந்த மேடு வறண்டது என்று இரும்பை ஊரில் சொல்லும் கதை, அந்தப் பொட்டலைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகளின் வேதனைதான்.

மீட்பு முயற்சியும் இரண்டு வழியில் போனது. அமெரிக்க அரசு 1985இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: அரிப்புக்கு ஆளாகும் நிலத்தில் உழவை நிறுத்திப் புல் விடுங்கள், பத்தாண்டுக்கு வாடகை தருகிறோம். ரிட்ஸ்வில் இருக்கும் ஆடம்ஸ் மாவட்டத்தில் பெரும்பரப்பு அப்படிப் புல்லுக்குத் திரும்பியது. உழவைத் தொடர்கிறவர்கள் அறுவடைத் தாளை நிலத்திலேயே நிறுத்திவிட்டு, உழாமல் விதைக்கப் பழகிவருகிறார்கள்.

இங்கே 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியபோது 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த பிடி மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். தாழியைச் சுற்றிலும் மரமற்ற செம்மண் வெளி. வந்தவர்கள் முதலில் செய்தது வரப்புப் போட்டதும், ஓடைகளுக்குக் குறுக்கே மண்ணணை எழுப்பியதும்தான். சுற்றுக் கிராமங்களின் உழைப்பும் அறிவும் இல்லாமல் அது நடந்திருக்காது. பிறகு ஆஸ்திரேலியாவின் கத்திச் சவுக்கு போன்ற, எதையும் தாங்கும் மரங்களை நட்டார்கள். அவற்றின் சருகு மண்ணை மூடியது. அந்த நிழலில் காசா, வீரை, பாலை, கருங்காலி என்று இந்தக் கரைக்குரிய மரங்கள் வந்தன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது வெளிநாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. எந்த மரம் இந்த மண்ணில் வேர் பிடித்து நிற்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. அந்த விடையை நம் முன்னோர் கீழ்புத்துப்பட்டு அய்யனார் தோப்பில் ஏற்கெனவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உழாத, வெட்டாத அந்தத் தோப்பில் சருகைக் கையால் விலக்கினால் வெள்ளைப் பூஞ்சை நூல் ஓடும். அதன் கீழ் இரண்டு விரற்கடை அளவுக்குச் செம்மண் பழுப்பாக, ஈரமாக, உருண்டை உருண்டையாக இருக்கும். பத்தடி தள்ளி வெளியே அதே மண் ஓடுகட்டிக் கிடக்கும்.

ஆகவே புல்வெளியின் மருந்தை இங்கே அப்படியே ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. புழுதிப் போர்வை, தரிசுப் பருவம் இரண்டும் நம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வாரம் தாங்காது. உழாமல் விதைப்பதும் இங்கே தனியாக நிற்காது. அவர்களுக்கு ஈராண்டு கிடக்கும் தாளை நம் கறையானும் வெயிலும் ஒரு கோடைக்குள் முடித்துவிடும். இங்கே மூடாக்கு என்பது உயிரோடு நிற்கும் இலையாகத்தான் இருக்க முடியும்: மரம், முந்திரி, ஊடே கொள்ளும் காராமணியும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வாடகைதான். உழவை நிறுத்தி மண்ணைக் காக்கும் விவசாயிக்கு அங்கே அரசு பணம் தருகிறது. வானூர்ப் பக்கம் முந்திரித் தோப்பில் வரப்பு உயர்த்தி மழையை இறக்கி, நகரத்தின் குடிநீரை நிரப்பும் விவசாயிக்கு அதற்கென ஒரு ரூபாயும் கிடைப்பதில்லை.

அவர் பக்கத்துக் கொல்லையில் குவாரி வந்தால் பணம் வருகிறது. செம்மண் லாரி லாரியாக மேட்டிலிருந்து இறங்கி, தாழ்ந்த நஞ்சை வயல்களை மனைக்கட்டாக மேடாக்கப் போகிறது. நீரை இறக்கும் மண்ணை வெட்டி, நீரைத் தேக்கும் வண்டலின்மேல் கொட்டி, இரண்டின் வேலையையும் ஒரே நடையில் நிறுத்துகிறோம். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் ஊரில் இது நடக்கிறது. மேடு ஒன்றுதான், அதன் ஒரு பகுதிக்குத் தமிழ்நாடும் மறுபகுதிக்குப் புதுச்சேரியும் பொறுப்பு. குவாரி அனுமதித் தாளில் இரண்டு அரசுகளும் கனமீட்டரில் மண் கணக்கு எழுதுகின்றன. வெட்டி எடுத்த இடத்தில் இனி ஆண்டுதோறும் எத்தனை லிட்டர் நீர் இறங்காமல் போகும் என்ற கணக்கையும், அந்த நீரைக் குடிக்கும் ஊர்களின் பெயர்களையும் அதே தாளில் எழுதியாக வேண்டும்.